பதினோரு நிமிடத்தில் ஒரு நூலகம்

முகத்துக்கு நேரே எல்லோரும் அவனை சார் என்றார்கள். அவன் முதுகைத் திருப்பியதும் மாப்பிள்ளை என்றார்கள். இயக்குநரின் மூத்த மகளைக் கட்டியவன் என்பதைத் தவிர அவனிடம் வேறு தகுதி எதையும் லைப்ரரி மேடம் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. தேடாமலும் இல்லை. அவன் வந்து சேர்ந்த பதினான்கு மாதங்களாகத் தேடிக்கொண்டுதான் இருந்தாள். அவன் அறைக் கதவில் துணை இயக்குநர், தொழில்நுட்பம் என்று பித்தளையில் பலகை தொங்கியது. உள்ளே உட்கார்ந்திருந்தவனுக்கு அச்சு இயந்திரத்தில் காகிதம் எந்தப் பக்கம் வைப்பது என்பதே இன்னும் பிடிபடவில்லை. தினமும் யாரையாவது கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆனால் மாப்பிள்ளையை மட்டும் இளப்பமாக நினைத்தாள் என்று சொன்னால் அது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். அவள் எல்லோரையும் அப்படித்தான் நினைத்தாள்.

அது கட்டுமான ஆய்வு நிலையம். பழைய பாலங்கள், தண்ணீர்த் தொட்டிகள், அரசுக் கட்டடங்கள் எல்லாம் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று பார்த்துச் சொல்வது அங்கே வேலை. பார்க்கிறவர்கள் எட்டு எஞ்சினியர்கள். எந்த விரிசல் பயப்பட வேண்டிய விரிசல், எந்தத் துரு மேல்துரு என்று உலகத்தில் யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைத் தேடிக் கையில் கொடுப்பது மூன்றாவது மாடி மூலையறையில் இருக்கும் அவள். அறையில் ஒரு அலமாரிகூடக் கிடையாது. வருகிற விருந்தாளிகள் எட்டிப் பார்த்து, "லைப்ரரி எங்க மேடம்?" என்று கேட்பார்கள். அவள் வாயைத் திறக்காமல் திரையைக் காட்டுவாள். காட்டுகிற விதத்திலேயே, கேட்டவர் ஒரு படி இறங்கிப்போவார்.

நூலகம் என்பது ஒரு மென்பொருள். அதில் நாலாயிரத்து எண்ணூற்று எழுபது தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் எழுதியவர் பெயர், வருடம், கூடவே ஒரு இணைப்பு. அந்த இணைப்பைச் சொடுக்கினால் கட்டுரை திறக்கும். கட்டுரை மென்பொருளுக்குள் இருப்பதில்லை. முகவரிப் புத்தகத்துக்குள் வீடு இருக்குமா? கோப்புகள் எல்லாம் தனியாக, இணையத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு கிளவுடில், அவள் பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்த அடுக்குகளில் இருந்தன. இது அவளுக்கு உள்ளங்கை மாதிரி. எஞ்சினியர்களுக்கோ எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை. இணைப்பை மட்டும் நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், "மேடம், திறக்கவே மாட்டேங்குது" என்று மறுநாள் வந்து நிற்பார்கள். இவர்களை நம்பித்தான் ஜனங்கள் பாலத்தில் போகிறார்களே என்று அவளுக்குப் பாவமாக இருக்கும்.

அவர்களில் ஒருவருக்கு விரிசல் என்றே பெயர் வைத்திருந்தாள். அந்த மனிதர் விரிசலைத் தவிர வேறு எதையும் பேச மாட்டார். ஒரே வருடத்தில் ஒரே கட்டுரையை நான்கு முறை கேட்டவர். ஒவ்வொரு முறையும் முதல் முறையாகக் கேட்கிற முகத்தோடு வருவார். அவருடைய கணினியில் கோப்புகளின் பெயர்கள் புதுசு, புதுசு இரண்டு, கடைசி, உண்மையிலேயே கடைசி என்று போய்க்கொண்டிருந்ததை அவள் ஒருநாள் பார்த்துவிட்டாள். அன்று மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நாலாயிரத்து எண்ணூற்று எழுபது கட்டுரைகளையும் முழுக்கப் படித்த ஒரே ஆள் அவள். படித்தது நூலக அறிவியல்தான், எஞ்சினியரிங் இல்லை. ஆனாலும் பதினோரு வருடமாக ஒரே விஷயத்தைப் படித்தால் மரமண்டைக்கும் ஏறும். அவளுடையது மரமண்டை இல்லை. படிக்கப் படிக்க, கோப்பிலேயே மஞ்சள் கோடு போடுவாள். ஓரத்தில் குறிப்பு எழுதுவாள். 'இந்த அட்டவணையை நம்பாதே, ஒன்பது வருடம் கழித்து இவரே மாற்றிச் சொல்லிவிட்டார்.' 'இது குளிர்நாட்டுக் கணக்கு, வெயிலில் செல்லாது.' 'இவரும் முன்னால் எழுதியவரும் ஒரே சோதனையைத்தான் இரண்டாகக் காட்டுகிறார்கள்.' விரிசல் வந்து நின்றால் பத்து நிமிடத்தில் பக்கத்தைத் திறந்து, கோட்டைக் காட்டி அனுப்பிவிடுவாள். கட்டுரை தொலைந்தால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கோடுகளும் குறிப்புகளும் வேறு எங்கேயும் கிடையாது. அவளிடம் சொத்து என்று ஏதாவது இருந்தால் அதுதான்.

இப்படி இருக்கும்போது இயக்குநர் ஒரு முடிவு எடுத்தார். நிலையத்துக்குப் புது மின்னஞ்சல் வாங்கியதில் கூடவே ஒரு கிளவுடும் வந்திருந்தது. எதற்கு இரண்டு, எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும், பழையதை மூடிவிடலாம் என்றார். பொறுப்பை மாப்பிள்ளையின் தலையில் கட்டினார். அவள் மூன்று பக்கத்துக்கு வழிமுறை எழுதிக் கொடுத்தாள். முதலில் கோப்புகளை நகலெடுக்க வேண்டும், பிறகு மென்பொருளுக்குப் புது அடுக்கின் பாதையைச் சொல்ல வேண்டும், பிறகு எல்லா இணைப்புகளையும் சரிபார்க்க வேண்டும், அதற்குப் பிறகே பழையதைத் தொட வேண்டும். கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கேட்டாள்.

"படிச்சேன் மேடம். ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றான், கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பைப் பாராட்டுகிறவன் மாதிரி.

வியாழக்கிழமை காலை மடிக்கணினியைத் தாம்பாளம்போல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவள் அறைக்கு வந்தான். முகமெல்லாம் பல்.

"முடிஞ்சுது மேடம். எல்லாத்தையும் புதுசுக்குக் கொண்டுவந்துட்டேன். எவ்வளவு நேரம் ஆச்சுன்னு சொல்லுங்க பாப்போம்."

"தெரியலையே சார்."

"பதினோரு நிமிஷம்."

பதினோரு வருடத்து நூலகம். அவள் திரையைப் பார்த்தாள். புதுக் கிளவுடில் நூலகம் இருந்தது. நாலாயிரத்து எண்ணூற்று எழுபது தலைப்பும் வரிசையாக நின்றன. கீழே ஓரத்தில் அளவு போட்டிருந்தது: நாற்பது எம்பி. அவளுடைய கோப்புகள் அறுபது ஜிபி, அதைப்போல ஆயிரத்து ஐந்நூறு மடங்கு. அந்த மனிதன் முகவரிப் புத்தகத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டு, ஊரையே குடிமாற்றிவிட்டதாகப் பூரித்துப்போய் நிற்கிறான்.

"திறக்குதா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பாருங்க." ஒன்றைச் சொடுக்கினான், திறந்தது. இன்னொன்று, அதுவும் திறந்தது. மஞ்சள் கோடெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. "இருபது எடுத்துப் பாத்தேன். இருபதும் திறக்குது."

திறக்காமல் என்ன செய்யும்? அவன் மடிக்கணினியில் பழைய கிளவுடின் அடுக்கு இன்னும் உயிரோடு இருந்தது. இணைப்புகள் எல்லாம் அங்கேதான் போய் எடுத்துவந்தன. பழைய வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது, இவன் புது வீட்டுச் சமையலறையைப் பாராட்டிக்கொண்டிருக்கிறான். அவளுக்கு இது புரிய ஒரு விநாடி ஆனது. அவனுக்குப் புரிய ஒரு ஜென்மம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்ப பழைய கணக்க மூடிடலாமா மேடம்? எனக்கு இதுல அவ்வளவா பழக்கம் இல்ல. அதான் உங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம்னு வந்தேன்."

அவன் உண்மையாகத்தான் கேட்டான். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மூடாதீங்க சார், கோப்பு எதுவும் வரவில்லை என்று ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அடியில் இரண்டு கோடு போட்ட அந்த மூன்று பக்கமும் நினைவுக்கு வந்தது. அவன் அதைப் படித்ததாகச் சொன்ன தோரணையும் நினைவுக்கு வந்தது.

"உங்க இஷ்டம் சார்," என்றாள்.

"நன்றி மேடம்," என்று சொல்லிவிட்டுத் தாம்பாளத்தோடு போனான்.

அவள் ஒன்றும் யோசிக்காமல் சொல்லிவிடவில்லை. திங்கட்கிழமை கூட்டத்தில் புது நூலகத்தைத் திறந்து காட்டப்போவதாக இயக்குநர் சுற்றறிக்கை விட்டிருந்தார். கூட்ட அறைக் கணினியில் பழைய அடுக்கு கிடையாது. மாப்பிள்ளை எட்டு எஞ்சினியர்களுக்கும் மாமனாருக்கும் முன்னால் சொடுக்குவான். ஒன்றும் திறக்காது. அழித்த கோப்புகளைப் பழைய கிளவுட் முப்பது நாள் குப்பைத்தொட்டியில் வைத்திருக்கும். அவன் நன்றாக விழித்து முடித்த பிறகு அவள் எழுந்து போய், எல்லாவற்றையும் மீட்டுக் கொடுப்பாள். பதினான்கு மாதமாக யாரும் சொல்லாத ஒன்றை அந்தக் கூட்டம் தானே புரிந்துகொள்ளும்.

சாயங்காலம் கணவனின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய் இதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் ஒரு சட்டத்தின் குட்டித் திருகாணியை முறுக்கிக்கொண்டே கேட்டார்.

"அவரு வந்து கேட்டாரு இல்ல?" என்றார்.

"கேட்டான்."

"கேட்டவருக்குச் சொல்லிட வேண்டியதுதானே."

"மூணு பக்கம் எழுதிக் குடுத்தேங்க. அதுல ஒரு வரி படிச்சிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது."

அவர் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பவர் தப்புன்னு தெரிஞ்சே மாட்டிவிட்டு, போய் சுவத்துல முட்டிக்கிட்டு வரட்டும், அப்புறம் மாத்தித் தரலாம்னு நான் உக்காந்திருந்தா எப்படி இருக்கும்?"

"உங்ககிட்ட வர்றவங்க கண்ணு தெரியாம வர்றாங்க. இவனுக்குக் கண்ணு இருக்கு, பாக்க மாட்டேங்கறான். முட்டட்டும். முப்பது நாள் இருக்கு, ஒண்ணும் ஆகாது."

"உனக்குத் தெரியாததா," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த சட்டத்தை எடுத்தார். அவருக்கு அவ்வளவுதான் தெரியும் என்று அவரையும் ஒன்றும் புரியாதவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டு அவள் வீட்டுக்குக் கிளம்பினாள்.

திங்கட்கிழமை அவள் நினைத்தபடியே நடந்தது. நினைத்ததைவிட அழகாகவே நடந்தது என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். பெரிய திரையில் தலைப்புகள் ஓடின. இயக்குநர் பெருமையாக மீசையைத் தடவினார். "ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார், திறக்கறேன்," என்று விரிசலைப் பார்த்துக் கேட்டான். விரிசல் வேறு என்ன சொல்வார்? தூண் விரிசல் பற்றிய அந்தப் பழைய கட்டுரையை ஐந்தாவது முறையாகக் கேட்டார்.

கோப்பு காணவில்லை என்றது திரை.

இன்னொன்றைச் சொடுக்கினான். காணவில்லை. வேகவேகமாக ஏழெட்டைச் சொடுக்கினான். காணவில்லை, காணவில்லை. யாரோ தொண்டையைச் செருமினார்கள், யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மாப்பிள்ளையின் காது சிவந்துபோனது. அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் காது இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும் என்று மனதுக்குள் பத்துவரை எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு எழுந்தாள்.

"கோப்பெல்லாம் பழைய கணக்கோட குப்பைத்தொட்டியில இருக்கும் சார். நான் எடுத்துத் தர்றேன்."

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, பழைய கிளவுடில் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டாள். இப்படி ஒரு கணக்கு இல்லை என்றது. எழுத்துப் பிழை என்று நினைத்து மறுபடி போட்டாள். இல்லை என்றது.

"கோப்ப மட்டும் அழிக்கல மேடம், கணக்கையே மூடிட்டேன்," என்றான் மாப்பிள்ளை பக்கத்தில் நின்று. "முப்பது நாள் வெச்சிருக்கவா, உடனே அழிச்சிடவான்னு கேட்டுச்சு. பாலத்தப் பத்தின உங்க குறிப்பெல்லாம் ரகசியமாச்சே, யார் கையிலயாவது கிடைச்சிடக்கூடாதேன்னு உடனேன்னு போட்டேன்."

அவள் விசைப்பலகையை அவன் பக்கமே தள்ளி வைத்தாள். ஆனாலும் முகத்தை விட்டுக்கொடுக்கவில்லை. "பரவாயில்ல, என்கிட்ட இன்னொரு நகல் இருக்கு," என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் ஏறினாள். பாதிப் படிக்கு மேல் ஓடினாள்.

மேசை இழுப்பறையில் ஒரு வெளி டிஸ்க் இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மத்தியானம் அதைச் செருகுவாள். பச்சை விளக்கு மினுக்கும். கால் மணி நேரத்தில் நின்றுவிடும். வாரம் தவறியதில்லை. நகல் வைத்துக்கொள்ளாதவர்களை அவள் மனிதர்களாகவே மதித்ததில்லை. டிஸ்கைச் செருகினாள். அடுக்குகள் இருந்தன. உள்ளே கோப்புகள் இருந்தன, அவள் வைத்த பெயர்களோடு, அவள் வைத்த வரிசையில். போன உயிர் திரும்பி வந்தது. ஒன்றைத் திறந்தாள். திறக்கவில்லை. அளவைப் பார்த்தாள். பூஜ்ஜியம். அடுத்தது பூஜ்ஜியம். கடைசிவரை நகர்த்திக்கொண்டே போனாள், எல்லாம் பூஜ்ஜியம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவள் கணினியில் இடம் நிரம்பிவிட்டது. பெரியது கேட்டாள், தரவில்லை. கோப்புகள் எல்லாம் கிளவுடில் மட்டும் இருக்கட்டும், கணினியில் பெயர் மட்டும் தெரிந்தால் போதும் என்று அவளேதான் மாற்றி வைத்தாள். அன்றிலிருந்து அந்த டிஸ்க், நிஜக் கோப்புகளின் மேல் வெறும் பெயர்களை நகலெடுத்து வந்திருக்கிறது. இருநூறு வெள்ளிக்கிழமை. பச்சை விளக்கைப் பார்த்துத் திருப்திப்பட்டாளே தவிர, ஒரே ஒரு கோப்பையாவது திறந்து பார்த்தாளா? இல்லை. மாப்பிள்ளையாவது இருபதைத் திறந்து பார்த்தான். திறந்து பார்ப்பதெல்லாம் தெரியாதவர்கள் செய்கிற வேலை என்று மேடம் இருந்துவிட்டாள்.

அவன் மடிக்கணினியில் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று பார்த்தாள். கணக்கு மூடியபோதே அந்த அடுக்கும் துடைத்துக்கொண்டு போயிருந்தது. பழைய கிளவுட் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். எதிர்முனையில் இருந்த பெண் மிகவும் பணிவாக, உடனே அழி என்று கேட்டதால் உடனே அழித்துவிட்டோம் என்றாள். மஞ்சள் கோடுகள் போய்விட்டன. அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கோபத்தில் வந்த அழுகை இல்லை, பெற்றதைப் பறிகொடுத்தவள் அழுகிற அழுகை.

மறுநாள் காலை இயக்குநர் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவள் மடியில் ஒரு கோப்புறை இருந்தது. உள்ளே அந்த மூன்று பக்கத்தின் நகல். அவள் சொன்னாள், அவன் கேட்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். மாப்பிள்ளையை மாமனாரின் எதிரிலேயே மண்ணைக் கவ்வ வைக்க அது போதும். இரவெல்லாம் அதை நினைத்துத்தான் தூங்காமல் கிடந்தாள்.

"யாரைக் கேட்டு மூடினீங்க?" என்று இயக்குநர் மருமகனைக் கேட்டார். வீட்டில் எப்படியோ, அங்கே வாங்க போங்க என்றுதான் பேசுவார்.

"நான்தான் சார் மூடினேன். தப்பு என்னோடதுதான். மூடறதுக்கு முன்னாடி மேடத்த ஒரு வார்த்தை கேட்டேன். உங்க இஷ்டம்னாங்க."

இயக்குநர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தீங்களா, அவர் மாத்தினத?"

"பாத்தேன் சார்."

"பாத்தப்ப கோப்பு ஒண்ணும் வரலைன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவள் கை கோப்புறையின் மேல் இருந்தது. அதை எடுத்து நீட்டினால், இது எல்லாம் அவளுக்குத் தெரியும் என்று ஆகிவிடும். ஆன அடுத்த நிமிடமே, தெரிந்தும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்ற கேள்வி வரும். அதற்கு அவளிடம் இருந்த ஒரே பதில், இவனைச் சபையில் அசிங்கப்படுத்த என்பதுதான். தெரியாது என்று சொன்னால், பதினோரு வருடம் இந்த அறையில் எதற்காக உட்கார்ந்திருந்தாள் என்று ஆகிவிடும்.

அதற்குள் மாப்பிள்ளை குறுக்கே வந்தான்.

"அவங்கள ஏன் சார் கேக்கறீங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும், பாவம். இணைப்பு மட்டும்தான் வந்திருக்கு, கோப்பு வரலைன்னு எனக்கே நேத்து இணையத்துல தேடிப் படிச்சப்புறம்தான் புரிஞ்சுது. படிக்கறது, குறிப்பெடுக்கறதுன்னு அவங்க வேலை வேற. நான் திறந்து காட்டினேன், அவங்க நம்பிட்டாங்க. அவ்வளவு வருஷத்து உழைப்பு போயிடுச்சு, அதுக்கு நான்தான் அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"அப்படியாம்மா?" என்றார் இயக்குநர்.

அவள் கோப்புறையைத் திறக்கவில்லை.

"ஆமா சார். எனக்குத் தெரியாது," என்றாள்.

இயக்குநர் பெருமூச்சு விட்டு, இருவருக்கும் அடிப்படைக் கணினிப் பயிற்சி என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. லைப்ரரி மேடத்திடம் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது. எஞ்சினியர் விரிசலைப் பற்றிப் பேசும்போது அவளும் அதே முகத்தைத்தான் வைத்துக்கொள்வாள்.

வெளியே நடைகூடத்துக்கு வந்ததும் மாப்பிள்ளை அவள் பின்னாலேயே வந்தான்.

"மனசுல வெச்சுக்காதீங்க மேடம். நமக்கெல்லாம் இது புரியக் கொஞ்ச நாளாகும். பயிற்சி அடுத்த வாரம் ரெண்டு நாள். பக்கத்துப் பக்கத்துல உக்காந்துக்கலாம், ஏதாவது புரியலைன்னா எனக்குத் தெரிஞ்சத சொல்லித் தர்றேன்."

கேலி இருக்கிறதா என்று அவள் அந்த முகத்தில் தேடினாள். கண்ணில் தேடினாள், உதட்டோரத்தில் தேடினாள். ஒரு பொட்டாவது இருந்திருந்தால் பிழைத்துப்போயிருப்பாள். இல்லை. அவனுக்கு அவள்மேல் உண்மையாகவே இரக்கம்.

"சரிங்க சார்," என்றாள்.

"எத்தனை மணிக்குன்னு கேட்டுச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு அவன் தன் அறைக்குப் போனான்.